கன்னியப்பன் கொடுத்த பருப்பு

அயனம்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் சரணுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ டப்ளின் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடி இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. போன் இருக்கும்போது இதென்ன காகிதமும் பேனாவும் என்று சிரிக்காதே. போனில் சொன்னால் பாதியிலேயே நான் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன், நீயும் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடு. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை, ஆனால் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட மாட்டேன் என்கிறாள், நீதான் ஒரு வார்த்தை அதட்ட வேண்டும். ஏரிக்குப் போகிற ரோட்டை மூன்று வாரமாகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், கேட்பாரில்லை.

சனிக்கிழமை நடந்ததைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ அங்கிருந்து திரையில் பார்த்தது வேறு, இங்கே நடந்தது வேறு, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் ரேஸ் விளையாடுவாய், அது நம் அபார்ட்மென்ட் ஹாலில் பெரிய திரையில் ஓடும், யார் மளிகைச் சாமான் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் நீ இன்னும் பத்து நிமிஷம் எழுந்திருக்காமல் விளையாட வேண்டும், சேர்ந்ததையெல்லாம் உணவு வங்கிக்காரர்கள் நாலு மணிக்கு டோக்கன் வைத்திருக்கிற நாற்பது குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள் என்று நீயும் உன் சிநேகிதன் தமிழரசுவும் ஏற்பாடு செய்தீர்கள். இத்தனை வருஷமாக நீ கேம் ஆடுவதைத் திட்டியே தீர்த்தவன் நான், அன்றைக்கு அரிசி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தமிழரசு என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டான். மைக் கிடைத்தால் உன் அப்பன் என்ன ஆவான் என்று உனக்குத் தெரியாதா.

மூன்று மணி இருக்கும், கன்னியப்பன் உள்ளே வந்தான். கக்கத்தில் ஒரு பையை மடித்து வைத்துக்கொண்டு வாசல் ஓரமாகவே நின்றான். நான் பார்த்துவிட்டேன், விடுவேனா, வந்தாரு பாருங்க நம்ம கன்னியப்பன், பாடியில கீற ஃபேக்டரியில இருபத்திரண்டு வருசம் எனக்குப் பக்கத்து மெஷின், சும்மாவா வருவாரு, அள்ளிக் குடுக்க வந்துகீறாரு என்று மைக்கில் கத்தினேன். நீயும் திரையிலிருந்து மாமா உங்களுக்காக இன்னும் பத்து நிமிஷம் என்றாய், ஹாலில் எல்லாரும் கைதட்டினார்கள். அவன் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், நான் எங்கே பார்த்தேன். இருப்பா உலகு, ஊட்ல மறந்து வச்சிட்டேன், எடுத்தாரேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான். இருபது நிமிஷத்தில் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். கையில் ஒரு துவரம்பருப்புப் பாக்கெட், பிரித்து ரப்பர் பேண்ட் போட்டது, பாதிதான் இருந்தது. அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னாப்பா கன்னியப்பா, பாதிய சாம்பார் வச்சி துன்னுட்டு மீதிய எத்தாந்துட்டியா என்று அதையும் மைக்கிலேயே கேட்டேன். ஹாலே சிரித்தது. நீயும்தான் சிரித்தாய். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, நாலு மணிக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டான்.

எல்லாருக்கும் கொடுத்து முடித்தபோது ஒரு பங்கு மட்டும் மிஞ்சியது, பதினேழாம் நம்பர் டோக்கன்காரர் வரவில்லை என்றார்கள். டோக்கன் கொடுத்தது உணவு வங்கிக்காரர்கள், யார் யாருக்கு என்று எங்களுக்குத் தெரியாது. நாற்காலிகளை அடுக்கும்போது அம்மா கன்னியப்பனின் பையை எடுத்து உதறினாள், உள்ளேயிருந்து அந்தப் பதினேழாம் நம்பர் சீட்டு விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மைக்கை உங்க வாயிலேயே சொருகணும் என்றாள். பிறகு விசாரித்ததில், நம் ஃபேக்டரியை விட்டு அவன் போய்ச் சேர்ந்த லேத் பட்டறையை மூடி நாலு மாசம் ஆகிறதாம். வாரத்துக்கு மூன்று நாள் ஏரிக்கரையில் என்னோடு நடக்கிறவன், வேலை எப்படிப் போகுது என்று கேட்டால் மூச்சு வுட நேரமில்லப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தான். ரேஷன் அரிசியில் வண்டி ஓடுகிறது, பருப்பும் எண்ணெயும்தான் பாடாய்ப் படுத்துகிறது போலிருக்கிறது. அந்தப் பருப்பைத்தான் அவன் எடுத்து வந்து கொடுத்தான் சரண், வாங்க வந்தவனைக் கொடுக்க வைத்துவிட்டேன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வெளியே போன சமயமாகப் பார்த்து, மிஞ்சின பங்கோடு இன்னும் கொஞ்சம் சாமான் சேர்த்து எடுத்துக்கொண்டு பின்தெருவில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வேம்புலியம்மாள் கதவைப் பாதிதான் திறந்தது. பையைப் பார்த்ததும் அந்தம்மா முகம் மாறிவிட்டது. நாலு மாசமா அந்த மனுசன் தல நிமிந்து நடக்கலண்ணா, நேத்து ஓடியாந்து மைக்ல எம்பேர சொல்லிட்டாங்க, கைதட்டிட்டாங்க, எதுனா குடுன்னு நின்னாரு, நான்தான் ஊட்ல இருந்த பருப்ப எடுத்துக் குடுத்தேன், இப்ப நீங்க இத்த இங்க வச்சிட்டுப் போனா நான் குடுத்து அனுப்பினதுக்கு இன்னா அர்த்தம், அவரு வர்றதுக்குள்ள எடுத்துகினு போயிடுங்க என்று சொல்லிவிட்டது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு வீடியோ மட்டும் அவர் கண்ணுல படாம பாத்துக்கோங்கண்ணா, தெருப் பசங்க போன்ல எல்லாம் ஓடுது என்றது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன். இந்த வயதில் நடுத்தெருவில் நான் அழுததில்லை, அன்றைக்கு அழுதேன்.

நான் மைக்கில் கேலி பேசின அந்த அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து தமிழரசு போட்டிருக்கிறானாம், இருபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று அவனுக்குச் சந்தோஷம். நான் எடுக்கச் சொன்னால் வைரலாப் போவுது அங்கிள் என்கிறான். நீ சொன்னால் கேட்பான். இதைப் படித்த உடனே எடுக்கச் சொல்லு, சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன், ஆபீஸ் முடியட்டும் என்று தள்ளாதே. கன்னியப்பன் அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் இந்தத் தெருவில் நடமாடவே மாட்டான், எனக்கு அவனைத் தெரியும். ஆனால் முழு வீடியோவில் நான் அவன் பேரைச் சொல்லி எல்லாரும் கைதட்டினார்களே, அந்த இடத்தைத் தொடாதே, அது இருக்கட்டும். தொழிற்பேட்டையில் தெரிந்த ஒருவரிடம் அவனுக்கு வேலை கேட்டிருக்கிறேன், ஐம்பத்தாறு வயசா என்று இழுக்கிறார், விட மாட்டேன்.

நேற்று மாலை அவனே வீட்டுக்கு வந்தான். அம்மா காபி கொடுத்தாள், குடித்தான். பையை மறந்துட்டுப் போயிட்டேன் என்று வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டான். சீட்டைத் திரும்ப அதற்குள்ளேயே போட்டு வைத்திருந்தாள் அம்மா. நானும் ஒன்றும் தெரியாதவன் போல ஏரித் தண்ணீரைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். எழுந்து போகும்போது, சரண் அடுத்த தபா எப்ப ஆடறான் உலகு, முன்னாடியே சொல்லிடு, இந்த தபா திடீர்னு ஆயிப்போச்சு, பிரிச்ச பாக்கெட்டப் போய்க் குடுத்தேன், மனசுக்கே ஒரு மாதிரி கீது என்றான். கேட் வரைக்கும் கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன்.

நீ அவனைக் கூப்பிட்டுப் பேசு. கொடுத்ததற்கு நன்றி மாமா என்று சொல்லு, அவ்வளவுதான், வேலையைப் பற்றிக் கேட்காதே, பாவம் என்கிற குரலில் பேசாதே. உனக்கும் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் எந்தக் குறையும் வராமல் எல்லாரும் வயிறார இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றிக் கும்பிடுகிறாள், என் ஆசீர்வாதமும் உண்டு. நீங்கள் விளையாடுவதை நிறுத்த வேண்டாம், நாற்பது வீட்டுக்குச் சோறு போன காரியம் அது. ஆனால் மறுபடி எப்போது என்று அவன் உன்னிடமும் கேட்பான். தேதி மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் அவன் பிரிக்காத பாக்கெட்டோடு வந்துவிடுவான்.

இப்படிக்கு
உன் அப்பா
உலகநாதன்