படபடப்பு மாத்திரை

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே தூறல். அம்மாவின் பள்ளிக்கூடப் புடவைகள் இரண்டும் கொடியில் ஈரமாகவே. இஸ்திரி போட்டு உலர்த்தினேன், முந்தானையில் லேசாகக் கருகல். திட்டு.

அம்மாவின் காலை பி.பி. 148/94, நாடி 56.

பத்தரைக்கு மருத்துவர். போன வாரம் எடுத்த ரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. ரெனின் மிகக் குறைவு, அதற்கு நேர்மாறாக அல்டோஸ்டிரோன் அதிகம். சிறுநீரகம் ரெனினை விட்டால்தான் அதன் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அல்டோஸ்டிரோனைச் சுரக்கும். அது உப்பைப் பிடித்து வைக்கும், அழுத்தம் ஏறும். ரெனினே இல்லாமல் இது மட்டும் இருந்தால் சுரப்பி தன்னிஷ்டத்துக்கு நடக்கிறது என்று பொருள். இதைத்தான் மூன்று வருடமாகப் படிக்கிறேன். அங்கே உட்கார்ந்து கேட்கும்போது யாரோ புதிதாகச் சொல்வது போல இருந்தது.

மருத்துவர் அம்மாவைப் பார்க்கவில்லை, கணினியைப் பார்த்தே பேசினார். "நாளைக்கே ஸ்கேன். ஏதாவது தெரிஞ்சா சர்ஜரி. ஒரு பக்கத்து சுரப்பிய எடுத்துடலாம், கீஹோல்தான்."

அம்மா என் காதில், "கீஹோல்னா?"

"சாவித்துவாரம். சின்னதா ஓட்டை போடுவாங்க."

"எனக்கு எங்கடி இருக்கு பூட்டு?"

இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

"பி.பி. மாத்திரை எல்லாம் நிறுத்திட்டுதானே டெஸ்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

"நிறுத்திட்டேன் டாக்டர். நீங்க குடுத்த வேற மாத்திரை மட்டும்தான். எம் பொண்ணு எழுதுன பேப்பர்படியே."

அந்தக் குரலில் பெருமை. நோயாளிகளுக்கான அந்தத் தாளைத் தமிழில் எழுதியது நான்தான். மருத்துவரின் துறையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் யாருமில்லை என்று எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், என் மேசையில் வந்து விழுந்தது. "பரிசோதனைக்கு முன், மருத்துவர் குறிப்பிட்ட நாளிலிருந்து, பி.பி. மாத்திரைகளை நிறுத்தவும்." அம்மா அதை ஃபிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டி ஒவ்வொரு நாளும் டிக் போட்டாள்.

வாங்க வேண்டியவை: கொத்தமல்லி, பேட்டரி, அம்மாவுக்கு ரப்பர் செருப்பு.

ஜூன் 10, செவ்வாய்

மழை. ஸ்கேன். காலை நாடி 54.

வலது பக்கச் சுரப்பியில் 'நோடியூல்' என்று அறிக்கை. அம்மா அறைக்கு வெளியே கேட்டாள், "என்னடி போட்டிருக்கு?" யோசிக்காமல் "சின்னக் கட்டி" என்றேன். முகம் போன போக்கு. புடைப்பு என்று சொல்லியிருக்கலாம். வேர்க்கடலை அளவு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் மொழிபெயர்க்கிறேன்.

அடுத்த செவ்வாய் அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கே.ஜி.எஃப். சித்திக்கு போன். சமையலறையிலிருந்து கேட்டது: "கட்டியாம்டி... ஆங், ஆபரேஷன்... அது கெடக்கட்டும், புது ஹெச்.எம். கிட்ட லீவ் எப்படிக் கேக்கறதுன்னுதான். அந்தம்மா என் கிளாஸ்லயே கடைசி பெஞ்ச்ல வந்து உக்காந்துடுது, நோட்டு வெச்சி எழுதிக்கிட்டு..."

கட்டியைவிட ஹெச்.எம். பெரிதாம்.

ஜூன் 11, புதன்

வெயில் வந்தது, ஒரு மணி நேரம். புடவை காய்ந்தது. நாடி 56.

ஆய்வகம் நாசம். மயக்கத்தில் கிடக்கும் எலியின் சிறுநீரகத்துக்குப் போகும் நரம்பைப் பிரித்தெடுத்து, மின்முனையில் கோத்து, மெல்லத் தூண்ட வேண்டும். தலைமுடியைவிட மெல்லியது. இரண்டாவது முறையும் அறுந்துவிட்டது.

டெக்னீஷியன் நாகராஜண்ணா எட்டிப் பார்த்தார். "ஏனம்மா, இன்னிக்கும் எலி கோவிச்சிக்கிச்சா?"

"நரம்பு போச்சுண்ணா."

"ஸ்வல்ப பொறுமையா பண்ணும்மா. பஸ்ஸ பிடிக்கற மாதிரி பிடிக்கற நீ."

உண்மைதான். இந்த நரம்பிடம் எனக்குப் பிடித்ததே அதன் படிநிலைகள். மிக மெல்லத் தூண்டினால் ரெனின் மட்டும் வெளியே வரும், வேறெதுவும் அசையாது. கொஞ்சம் கூட்டினால் சிறுநீரகம் உப்பையும் பிடித்துக்கொள்ளும். இன்னும் கூட்டினால் ரத்த ஓட்டமே சுருங்கிவிடும். அதட்டினால் உள்ளே போவதும் நின்றுவிடும்.

சாயங்காலம் அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். பயம் குறையட்டுமென்று.

"நரம்புலதான ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க? அதே நரம்பு எப்படி கிட்னிக்கு சேதி சொல்லும்?"

"அது வேற நரம்பும்மா. ரத்தம் போறது ரத்தக்குழாய்."

"நர்ஸ் நரம்பு கிடைக்கலன்னுதான சொன்னா?"

"அவங்க தப்பா சொல்றாங்க."

"எல்லாரும் தப்பு. நீ மட்டும் சரி."

எழுந்து போய்விட்டேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதற்கு நான் என்ன செய்வேன்.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம். நாடி 54.

இன்று எலி ஒத்துழைத்தது. போன வாரத்து எலிகளின் ரெனின் அளவுகளும் வந்தன. நரம்பைத் தூண்டினால் ஏறுகிறது. ப்ராப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்துவிட்டுத் தூண்டினால் ஏறவே இல்லை. பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே. நரம்பு சொல்லிக்கொண்டேயிருக்கிறது, சிறுநீரகத்துச் செல்லின் காதைப் பொத்தியாகிவிட்டது. நாகராஜண்ணா திரையைக் காட்டினார்: "நோடம்மா, ஹார்ட் ரேட்டும் எப்படி எறங்கிச்சு!" ஆமாம், மருந்து போட்டதும் இதயத் துடிப்பும் இறங்கும்.

சிவாஜிநகர் பஸ் நிலையம். கூட்டம், ஈரத் துணி வாசனை, யாருடைய குடையோ முழங்காலில். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

56. 54. 56. 54.

அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவளுக்கு எப்படி இவ்வளவு குறைவான நாடி? ஒரு மாதமாக என் கையாலேயே எழுதுகிறேன். நல்ல நாடி என்று பாராட்டக்கூடச் செய்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்ன மாத்திரம்மா போடற? மறைக்காம சொல்லு!"

"ஒண்ணும் போடல."

"பொய்!"

"பி.பி. மாத்திர ஒண்ணும் போடலன்னு சொல்றேன்ல! ஃபிரிட்ஜ்ல பாரு, டிக் போட்டிருக்கேன்." குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். முதுகு மட்டும்.

டீ போட்டேன். பக்கத்தில் வைத்தேன். "ஹெச்.எம். இன்னிக்கும் கிளாஸுக்கு வந்தாங்களா?"

தண்ணீர் சத்தம் குறைந்தது. "வந்துச்சு."

"பயமா இருந்துச்சா?"

"இப்பல்லாம் இல்ல." குழாயை மூடினாள். "மொதல்லதான், இங்கிலீஷ்ல ரைம் சொல்றப்போ கை தந்தியடிக்கும். சாக்பீஸ் போர்டுல டக்கு டக்குன்னு. பசங்க சிரிச்சுதுங்க. காக்ஸ் டவுன் கிளினிக்ல படபடப்புக்குன்னு ஒரு மாத்திரை குடுத்தாரு. காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு."

"எப்போலருந்து?"

"கிறிஸ்மஸ் முடிஞ்சதுலருந்து."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ பி.பி. மாத்திரைன்னுதான எழுதுன? இது படபடப்பு மாத்திரை."

கைப்பையிலிருந்து பர்ஸ், பர்ஸிலிருந்து காலண்டர் தாளில் மடித்த பொட்டலம். பிரித்தேன். அட்டையின் பின்பக்கம், சின்ன எழுத்தில், ப்ராப்ரனலால்.

மத்தியானம் எலிக்குக் கொடுத்த அதே மருந்து. என் மேசையில் ஒரு பாட்டில் நிறைய இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

வெயில், காற்று.

எட்டரைக்கே மருத்துவருக்கு போன். எடுக்கவில்லை. ஒன்பது. எடுக்கவில்லை. பத்தரைக்கு நேரே போய் நின்றேன்.

"ஷி ஷுட் ஹாவ் டோல்ட் அஸ்," என்றார்.

சொல்லியிருக்க வேண்டுமாம். கேட்டது யார்? 'பி.பி. மாத்திரை நிறுத்துனீங்களா' என்றுதான் கேட்டார். தாளும் அதையேதான் சொல்கிறது. ஆங்கில மூலத்தில் இருந்தது 'இந்த வகை மருந்துகள்' என்று, கீழே ஒரு நீண்ட பட்டியல். பட்டியலை எடுத்துவிட்டு, அம்மாக்களுக்குப் புரியட்டும் என்று 'பி.பி. மாத்திரை' என்று எளிமையாக்கியது நான். அதைச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்புறம் நிதானமானார். அந்த மாத்திரை ரெனினை அடக்கிவிடும், கணக்கு தப்பியிருக்கலாம். கட்டி? பலருக்கு எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருப்பதுண்டு. அறுவை மருத்துவர் சந்திப்பு ரத்து. மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது, ஒரு வாரம் படிப்படியாகக் குறைத்து, அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் விட்டு, மறுபடியும் ரத்தம். ஜூலை 7.

மறுபடியும் ரெனின் குறைவாகவே வந்தால், ஆபரேஷன் பேச்சுதான்.

ஜூன் 23, திங்கள்

மழை. மூன்று நாளாக மாத்திரை இல்லை. 150/96, நாடி 84.

அம்மா பள்ளியிலிருந்து வந்தாள். புடவையில் சாக்பீஸ் தூளே இல்லை. செருப்பைக் கழற்றும்போதே: "போர்டுல எழுதவே இல்ல. பசங்களையே எழுத வெச்சேன். ஹெச்.எம். நோட்டுல என்னத்தையோ எழுதிக்கிச்சு."

"இன்னும் ரெண்டு வாரம்தான்மா."

"உனக்கென்ன. உன் எலி மயக்கத்துல இருக்கு."

ஜூலை 7, திங்கள்

சாரல். காலை நாடி 86.

எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடிவிட்டு வரச் சொன்னார்கள். படுக்கையிலிருந்து எழுந்து நின்றாலே நரம்பு சிறுநீரகத்துக்குச் சொல்லிவிடும், அந்த அளவுதான் வேண்டும். அம்மா ஜீவனஹள்ளி முழுக்க நடந்திருக்கிறாள், பூக்காரம்மாவிடம் காரணமும் சொல்லியிருக்கிறாள்.

நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். மடியில் கை நடுங்கியது. அவள் மறைக்கவில்லை. நர்ஸ் முழங்கையைத் தட்டிப் பார்த்து, "நரம்பே சிக்க மாட்டேங்குது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை.

ஜூலை 10, வியாழன்

ரெனின் இருக்கிறது! போதுமான அளவு இருக்கிறது. அல்டோஸ்டிரோனோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரி. சுரப்பி தன்னிஷ்டத்துக்கு எதுவும் செய்யவில்லை. ஆபரேஷன் இல்லை. கட்டியை ஒரு வருடம் கழித்து மறுபடி ஸ்கேனில் பார்ப்பார்கள். பி.பி.க்கு வேறு மாத்திரை.

மருத்துவர், "குட்," என்றார். அவ்வளவுதான். ஆட்டோவில் அம்மா, "சந்தோஷமா இருக்கவேண்டியதுதான, ஏன்டி மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?" என்றாள். ஒரு மாதம். ஒரு சொல்லால்.

ஜூலை 11, வெள்ளி

மழை இல்லை.

தாளைத் திருத்தத் துறைக்குக் கொண்டுபோனேன். புதிய வாசகத்துக்குக் குழுவின் ஒப்புதல் வேண்டுமாம், குழு எப்போது கூடும் என்று தெரியாதாம். அதுவரை பழைய தாளே. சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில் இருக்கிற பிரதிகளை மொத்தமாக வாங்கி வந்துவிட்டேன், கையால் ஒரு வரி சேர்க்கப்போகிறேன்.

முதல் பிரதியை அம்மாவிடம் வாசித்தேன்: "எதற்காகச் சாப்பிடும் மாத்திரையாக இருந்தாலும், மாத்திரை டப்பாவோடு எடுத்து வந்து மருத்துவரிடம் காட்டவும்."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"டப்பான்னு போடாத."

"ஏன்?"

"என்னுது டப்பாவுலயா இருந்துச்சு?"

பேனாவை மறுபடி எடுத்தேன். 'டப்பாவோடு' அடித்தாயிற்று. 'பர்ஸில் இருப்பதையும் சேர்த்து' என்று எழுதினேன்.