செல் இல்லாத தட்டு

இன்று காலை அரியலூர் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மாவின் பையிலிருந்து காய்ந்த ஆவாரம்பூ வாடை வந்தது. சர்க்கரைக்காம். ஜன்னலைத் திறந்தும் உட்கார முடியவில்லை. பாதி வழியிலேயே இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்றபடி உனக்கு இதை எழுதுகிறேன்.

பெரம்பலூர் ஆய்வகத்தில் நம் இருவருக்கும் ஒரே மேஜை. சிறுநீரகச் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மேல் செல்களைக் கொல்லும் பெராக்சைடு விட்டு, சர்க்கரை நோயில் வரும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தைச் சின்ன அளவில் உண்டாக்கிப் பார்ப்பது என் வேலை. ஒருமுறை ஆவாரம்பூச் சாற்றையும் சேர்த்தேன். மறுநாள் செல்கள் பிழைத்திருந்தன. குதித்தேன். அதே வாரம் லப்பைக்குடிக்காட்டில் உன் வீட்டுக்கு வந்தபோது உங்கம்மாவிடமும் சொல்லித் தொலைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, தோள் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாய்.

“அம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்க. பூவைத்தான் குடிக்கிறாங்க. சுகர் ஏறிக் கெடக்கு.”

“நான் நிறுத்தச் சொல்லலையே.”

“உன் தட்டுல பொழச்சது எங்கம்மா இல்லடி. சாறு அந்த பெராக்சைடை வெளியவே முறிச்சிருந்தா? செல்லு வரைக்கும் அது போயே இருக்காது. செல்லே இல்லாம ஒரு தட்டு வச்சுப் பாத்தியா?”

வைக்கவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்கச் சில வாரங்களே இருந்தன. “உனக்குப் பொறாமை” என்றேன்.

அதன்பின் நாம் பேசவில்லை. பத்து நாளில் காய்ச்சலென்று உன்னைத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு. நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

நாற்பதாம் நாள் கழிந்த வாரம் அந்தத் தட்டை வைத்தேன். சாறும் பெராக்சைடும் மட்டும், செல் இல்லை. கொஞ்ச நேரத்தில் பெராக்சைடு காணாமல் போயிருந்தது. நான் காப்பாற்றியதாக எழுதிய செல்களிடம் ஆபத்தே போய்ச் சேரவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். பட்டம் தள்ளிப்போனது, அது வலிக்கவில்லை. உங்கம்மா முன்னால் போய் நிற்கத்தான் கால் வரவில்லை.

போனேன். சொன்னேன்.

“அவ அன்னைக்கே சண்ட போட்டு மாத்திரய போட வச்சுட்டாம்மா” என்றார். “நீ வருவேன்னும் சொன்னா. கோவம் தணிஞ்சா அவளே செஞ்சு பாத்துட்டு வந்து சொல்லுவா, பாருங்கம்மான்னு சொன்னா.”

எப்போது சொன்னாள் என்று கேட்டேன். காய்ச்சல் வந்த அன்று என்றார்.

அன்று மாலைதான் உன் போன் வந்தது. பெயரைப் பார்த்தேன், எடுக்கவில்லை. என்ன சொல்ல அழைத்தாய் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. இப்போதெல்லாம் நான் பாடம் எடுக்கும் வகுப்பில் மாணவி யாராவது “ஆனா மேடம்...” என்று இழுத்தால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.