வால் வைத்த நார் உருண்டை

இன்று பள்ளிப் பெட்டியைத் துடைத்தபோது அடியில் ஒரு நார் உருண்டை கிடந்தது. தேன்மெழுகும் தேங்காய் நாரும் கலந்த வாசனை. எலிவால் போல ஒரு பிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது நீ செய்தது. அன்று நான் செய்தவற்றுக்கு வால் கிடையாது.

போன வருடம் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறப் போகிறோம் என்று டீச்சர் சொன்னதும், அடுப்பு மூட்டும் பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கினேன். உலகச் சண்டை நடக்கும் காலம், தீப்பெட்டி கிடைப்பதே அரிது. நாரையும் மெழுகையும் கொண்டு செலவில்லாமல் தீமூட்டி செய்யலாம் என்று ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்தேன். மலைமேல் எடப்புளி நாட்டிலிருந்து இறங்கி வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்த நீ, மலைத்தேன் பிழிந்த மெழுகைக் கொண்டுவந்தாய். நாரைப் பிய்த்து உருட்டி, உருக்கிய மெழுகில் முக்கி, முறத்தில் காயவைத்தோம். என்னுடையவை லட்டு மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும் என்று பிசிறையெல்லாம் கத்தரித்து, மறுபடியும் மெழுகில் முக்கினேன்.

“ஏம்புள்ள, மொட்டையடிச்சு வெச்சிருக்கே? தீ எதைப் புடிச்சுக்கிட்டு உள்ள போகும்?”

“பத்திரிகையில வாலு வெக்கச் சொல்லல.”

“அவங்க ஊட்டு அடுப்பு எரியுதான்னு போய்ப் பாத்தியா?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ வால் விட்டு இரண்டு உருட்டிப் பாவாடை மடிப்பில் முடிந்துகொண்டாய்.

மேலே போனதும் மழை பிடித்துக்கொண்டது. பாறையடியில் கல் கூட்டினோம். சுட்டுத் தின்னக் கூடை நிறைய மரவள்ளிக் கிழங்கு. பசியில் சின்னப் பிள்ளைகள் முனகினார்கள். டீச்சரிடம் இருந்தவை மூன்றே குச்சிகள். முதல் குச்சி என் உருண்டையை நக்கிவிட்டு அணைந்தது. இரண்டாவதும் அப்படியே.

“அவ புத்தகத்தைக் கொளுத்தச் சொல்லுங்க டீச்சர், நல்லா எரியும்!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

காற்றை மறைப்பவள் போல நீ என் முன்னால் குந்தினாய். “இரு சாமி,” என்று முணுமுணுத்து, என் உருண்டையை எடுத்துவிட்டு உன்னுடையதை விறகுக்கடியில் தள்ளினாய். கடைசிக் குச்சி. வாலில் பற்றிய தீ மெல்ல உள்ளே போனது. ஈர விறகு சீறியது, புகைந்தது, பிறகு எரிந்தது.

“படிச்சதைக் கையால செஞ்சு காட்டிட்டியே கண்ணு!” என்று டீச்சர் என் தோளைத் தட்டினார். நான் வாய் திறக்கவில்லை.

இறங்கும்போது, “உன்னுதுன்னு நீயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். உதட்டோரக் கரியோடு நீ சிரித்தாய். “கெழங்கு வெந்தாப் போதும்னு இருந்துச்சு புள்ள. வேணும்னா நாளைக்கு நீயே சொல்லு.” மிச்சமிருந்த உருண்டையை என் கையில் வைத்தாய்.

மறுநாள் நான் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. விடுமுறைக்கு மலைக்குப் போன நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று உன் மாமா வந்து சொன்னார்.

இந்த வருடமும் மலைக்குப் போகிறோம். “போன தடவை மாதிரியே செஞ்சு கொண்டா,” என்று நேற்று டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னார். எழுந்து நின்றேன். அன்று எரிந்தது என்னுடையதல்ல என்று உன் பெயரைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர், “அப்ப அவ செஞ்ச மாதிரியே செய்,” என்றார்.

இன்று பன்னிரண்டு உருட்டினேன். கத்தரிக்கோலைத் தொடவில்லை. உன் உருண்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வாலை அளந்து விட்டேன். பன்னிரண்டும் மலைக்கு வரும். உன்னுடையது மட்டும் பெட்டியிலேயே இருக்கும். கையைக் கழுவாமல் எழுதுகிறேன். இந்தத் தாளின் ஓரத்தில் இருப்பது மெழுகுக் கறை.