ஏழாவது கேள்விக்குப் பதில்

அன்புள்ள நட்டுவுக்கு,

இங்கே மூன்று வேளையும் சமையல் நடக்கிறது, துணி காய்கிறது, குழந்தை எடை கூடுகிறாள். ஆகவே நலம் என்றே எழுதுகிறேன். நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் கடிதம் வரும் பார்சலில் இன்னும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று உன் பட்டறையின் கேள்விப் படிவம். மற்றது, வண்டி எப்படி ஓட்டப்படுகிறது என்று பார்க்க நீ அனுப்பிய பதிவுக் கருவி. இரண்டு வாரம் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி இருந்தது, நேற்று என் கணவர் கழற்றினார். நாளைக் காலை பார்சலை ஒட்டி கூரியரில் கொடுக்கப் போகிறார். அதற்குள் இதை அடியில் வைத்துவிடுவேன். கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

உன் படிவத்தைப் பார்த்து என் மாமனார் சிரித்தார். முப்பது வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர், எத்தனையோ படிவம் பார்த்தவர். பெண் பார்க்க வந்தபோது தாங்கள்கூட இவ்வளவு கேட்கவில்லையே என்றார். ஏழு கேள்விக்கும் கையால் எழுதித்தான் தர வேண்டும், இல்லாவிட்டால் யார் வண்டியிலும் சூப்பர்சார்ஜர் மாட்ட மாட்டேன் என்ற உன் விதியைச் சொன்னேன். போனில் கேட்டால் எல்லாரும் தங்கக் கம்பி மாதிரி பேசுவார்கள், பேனாவைக் கையில் கொடுத்தால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று நீ சொன்னதையும் சொன்னேன். விவரமான பெண் என்றார்.

ஆறு கேள்விகளுக்கு இவர் எழுதிவிட்டார். நீ பார்த்த அதே அழகான கையெழுத்துதான். நாள் முழுக்கச் செயற்கைப் பல்லைச் செதுக்குகிறவருக்கு எழுத்து எப்படிக் கோணும்? வண்டி யாருடையது: மனைவியுடையது. யார் யார் ஓட்டுவார்கள்: நான், ஞாயிறு மட்டும்; மனைவி, எப்போதாவது. இப்படியே போகிறது. ஏழாவது கேள்வி, எதற்காக வேண்டும் என்பது. அதற்கு வண்டியின் சொந்தக்காரர்தான் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறாய். அதனால் ‘அவளுக்குப் பிடிக்கும்’ என்று பென்சிலில் எழுதி, மேலே நான் பேனாவால் எழுத இடம் விட்டிருக்கிறார். நான்கு நாட்களாகப் படிவம் சாப்பாட்டு மேஜையில்தான் கிடக்கிறது. நாலு தடவை பேனாவை எடுத்தேன்.

சூப்பர்சார்ஜர் வந்த கதையை அவர் போனில் உன்னிடம் சொல்லியிருப்பார். இதே மாடல் வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து, சொல்லாமல் கொள்ளாமல் வாங்கி வந்துவிட்டார். பால் புட்டிகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறது. மாமா முதலில் அதை மிக்ஸி என்று நினைத்தார். இன்ஜின் பெல்ட்டிலேயே சுற்றி, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும், காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், வேகமும் கூடும் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு பேர் ஏறுற வண்டிக்கு எதுக்கு இது? பதிமூணு பேர் ஏறுற லிஃப்ட்டுக்கே நாங்க இதவிடச் சின்ன மோட்டார்தான் வச்சோம்" என்றார். குழந்தை அதன் கப்பியை விரலால் சுற்றி விளையாடுகிறாள். கொஞ்சம் எண்ணெய் பிசுக்கு இருந்தது, துடைத்துவிட்டேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். நீ கேட்பாய் என்று தெரியும். நம் இன்ஜினில் பிஸ்டன் ஏற்கெனவே காற்றை நன்றாகவே அமுக்குகிறது. அதனால் அதிகம் தள்ள முடியாது. அழுத்தத்தைக் குறைவாக வைத்து, உள்ளே போகும் காற்றைக் குளிர வைத்து, பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டரையும் மாற்றினால் போதும். இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். கிளட்ச் மட்டும் சந்தேகம். இந்த இன்ஜினின் பழைய சோதனைத் தாள்களை எடுத்து மூன்று முறை சரிபார்த்தேன். இன்ஜின் தாங்கும். அதில் உனக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் வராது.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எதற்கு இந்த வண்டி, கொடுத்துவிட்டு நாலு கதவு வண்டி ஒன்று எடு என்று சொல்லாதவர்கள் இல்லை. என் அம்மா வாரம் தவறாமல் சொல்கிறாள். அவர்கள் சொல்வது நியாயம்தான். குழந்தை இருக்கையை இதில் மாட்டவே முடியாது. இவர் ஒருத்தர்தான் கேட்க மாட்டேன் என்கிறார். நீயும் நானும் அலைந்து தேர்ந்தெடுத்த வண்டி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என்னோடு இருப்பது, அதை விற்றால் நான் இன்னும் ஒடுங்கிப்போவேன் என்று நினைக்கிறார். குழந்தையின் நகத்தை வெட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "மேட்டுல ஏத்தும்போது நீ ஒரு சிரிப்பு சிரிப்பியே, அதப் பாத்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா?" நான் அவளுடைய இடது கை சுண்டுவிரலை விட்டுவிட்டீர்கள் என்று காட்டினேன்.

நல்ல மனுஷன். அதில் சந்தேகமே இல்லை. குழந்தைக்குக் கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகம் என்று இப்போதே கவலைப்படுகிறார். விட்டால் அளவெடுத்து அச்சு வார்த்துவிடுவார்.

என்னைப் பற்றிக் கேட்பாய். நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறேன். எத்தனை மணிக்குக் குடித்தாள், எவ்வளவு குடித்தாள், எப்போது தூங்கினாள், எல்லாம் நோட்டில் இருக்கிறது. மூன்றாம் மாதமே இதெல்லாம் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எட்டாம் மாதம் நடக்கிறது, எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் தூங்கும்போது மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். ஒரு மணி நேரத்தில் திரும்பவும் வைத்துப் பார்ப்பேன். நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் அழுத்தச் சோதனை முடிந்ததும் ‘சரி’ என்று முத்திரை குத்துவேனே, அதைப் போலத்தான். சந்தோஷம் இல்லை, நிம்மதி இல்லை. சரி, அவ்வளவுதான். தடுப்பூசி போடும் நர்ஸ் என் நோட்டைப் பார்த்துவிட்டு, எல்லா அம்மாக்களும் இப்படி இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது என்று மற்றவர்கள் முன்னால் புகழ்ந்தார். நன்றி சொன்னேன்.

குழந்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது என் முகத்தைப் பார்த்துத்தான். நான் திரும்பி, எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கருவியைப் பற்றி. அதில் செவ்வாய்க்கிழமைகளும் ஒரு வியாழக்கிழமையும் இருக்கும். காலை பதினொன்று வாக்கில் இருக்கும். ஞாயிறு ஓட்டங்கள் அவருடையவை. சிக்னலில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கை பிரேக் போட்டுக் காத்திருக்கும் மனிதர், நீ பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாய். மற்றவையெல்லாம் நான். குழந்தை தூங்கும் நேரத்தில், மருந்துக் கடைக்குப் போகிறேன், டயபர் தீர்ந்துவிட்டது என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது ஏதாவது வாங்கி வருவேன். அலமாரியில் டயபர் இரண்டு மாதத்துக்கு இருக்கிறது.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு புதிய சாலை இருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. பாலம் கட்டி முடிக்காததால் கடைசியில் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக வைத்து மறித்திருக்கிறார்கள். தடுப்பை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனால் நேர் சாலை, ஒரு ஆள் கிடையாது. முதல் தடவை போனபோது எண்பதில்தான் போனேன். காதில் ஏதோ அடைப்பு விட்ட மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் இருந்து தலையை வெளியே எடுத்தால் சத்தம் கேட்குமே, அப்படி. அடுத்த தடவை நூற்றுப் பத்து. பிறகு அதுவும் போதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்குப் பதிவின் வரைபடத்தில் ஒரு கோடு இருக்கும். ஆக்ஸிலரேட்டர் முழுசாக அழுத்தியபடி நாற்பத்தொரு வினாடி. இரு வாரப் பதிவில் அப்படி வேறெதுவும் இருக்காது. கருவி பழுதோ என்று நினைத்துவிடாதே. கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே பிரேக் அழுத்த வேண்டும் என்று கணக்கும் தெரியும். அந்த இடம் வந்தது, தாண்டியும் போனது. முட்ட வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. முட்டக் கூடாது என்றும் நினைக்கவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இரண்டாவது வாக்கியம்தான்.

அப்போது போன் அடித்தது. பழக்க தோஷத்தில் ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினேன். மாமா பேசினார். குழந்தை அழுகிறாள் என்று சொன்னார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அவர் கேட்டது இதுதான்: "அம்மாடி, டிவி ரிமோட்ட எங்க வச்ச?" நான் யோசித்தேன். யோசிப்பதற்காகக் கால் எடுத்தேன். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதித்தேன். சொன்ன இடத்திலேயே கிடைத்துவிட்டதாம். வண்டி நின்றபோது கட்டைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு லாரி நீளம் இருந்தது. இறங்கி அடி வைத்து அளந்தேன். பிறகு டயபர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டேன் என்பதுகூட நினைவிருக்கிறது, எப்படி இருந்தது என்பதுதான் நினைவில்லை.

அதற்கப்புறம் வியாழக்கிழமை நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கணக்குப் போட்டேன். அதே சாலை, அதே கால், சூப்பர்சார்ஜர் மாட்டிய வண்டி. நாற்பத்தொரு வினாடி ஆகியிருக்காது. அந்த ஒரு லாரி நீளம் மிஞ்சியிருக்காது. போன் அடிக்கவும் நேரம் இருந்திருக்காது. கணக்குச் சரிதானா என்று நீயும் போட்டுப் பார்.

கருவி செருகியிருப்பது தெரிந்துதான் ஓட்டினேன். கழற்றிவிட்டுப் போயிருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஏன் கழற்றவில்லை என்று எனக்கே தெரியவில்லை. நீ பார்ப்பாய் என்பது மட்டும் தெரியும்.

முதலில் உன்னிடம் ஒரு பொய் கேட்கலாம் என்றிருந்தேன். பிஸ்டனில் விரிசல் இருக்கும் போலிருக்கிறது, இந்த இன்ஜினுக்கு ஆகாது என்று இவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நீ சொன்னால் மறுபேச்சே பேச மாட்டார். பிறகு, கல்லூரியில் மூன்றாம் வருட லேபில் நான் ஒப்பேற்றி எழுதிய அளவுகளைப் பத்துப் பேர் பார்க்க நீ கிழித்துப் போட்டது ஞாபகம் வந்தது. வேண்டாம். இன்ஜின் தாங்கும், ஆனால் மாட்ட மாட்டேன் என்றே சொல். ஏன் என்று கேட்பார். அந்தக் கோட்டைக் காட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது, நீ படித்துச் சொல்.

நானே சொல்ல மூன்று தடவை முயற்சி செய்தேன். ஒரு தடவை அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன என்று கேட்டார். நானும் இரண்டு துண்டுகளை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். சொன்னால் அழுவார். அவரைத் தேற்றும் வேலையும் என்னிடம் வரும். அதையும் சரியாகச் செய்துவிடுவேன். அதனால்தான் நீ பக்கத்தில் இருக்கும்போது அவருக்குத் தெரிய வேண்டும் என்கிறேன்.

ஏழாவது கேள்விக்கான பேனா இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். வண்டியின் என் சாவி இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது, உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வை. இவருடைய சாவி எப்போதும் அவருடைய பையில்தான் இருக்கும், அதைத் தொட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை உன் பட்டறைக்கு எடுத்துப் போய்விடு. எவ்வளவு நாள் என்று இப்போது கேட்காதே.

டாக்டரிடம் போக வேண்டும் என்று எனக்கும் தெரிகிறது. படித்தவள்தானே. குழந்தை பெற்றவர்களுக்கு இப்படி வருவது உண்டு என்று படித்துப் பார்த்து, ஒரு லேடி டாக்டரின் நம்பரைக்கூட எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு தடவை டயல் செய்தேன். யார் பேசுகிறது, என்ன விஷயம் என்று அந்தப் பக்கம் கேட்கிறார்கள். என்ன சொல்வது? குழந்தை நன்றாக இருக்கிறாள். வீட்டில் எல்லாரும் தங்கமானவர்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லி முடித்தால் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை, வைத்துவிட்டேன்.

நீ வா. சாப்பாடு ஒன்றும் விசேஷமாகச் செய்ய மாட்டேன், இருப்பதைச் சாப்பிடலாம். என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நம்பரை அழைத்து, முதல் வாக்கியத்தை மட்டும் நீ சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடு. மீதியை நான் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உன் கையும் காலும் கண்ணும் நன்றாக இருக்கட்டும். வரும் வழியில் நிதானமாக ஓட்டி வா.

இப்படிக்கு,
உன் போல்ட்டு