இரிடியமும் ஒரு துளி அசிட்டோனும்

நவ. 11, செவ்வாய்
விடியும் முன்பே மழை. லேபிலும் காயாத துணி வாசனை. திங்கள் கமிட்டி. ஆறு மாத நீட்டிப்புக்கு அவர்கள் தலையாட்டினால்தான் தீசிஸ். இல்லையென்றால் ஐந்து வருடமும் அம்போ.

செய்ய வேண்டியவை: ஸ்லைடு. ஹெக்ஸேன் உலர்த்தல். குடை.

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு ரெஃபரியின் மதிப்பீடு வந்தது. அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரத்தில் தெரிந்த ஓர் அகலமான கோட்டை வைத்து, கரைசலில் ஆல்கஹாலின் ஹைட்ரஜனை இரிடியமே நேராகப் பிடிக்கிறது என்று எழுதியிருந்தேன். அவர் கேட்பது ஒன்றே: அப்படியானால் உலோகத்தில் எலக்ட்ரான் குறையும், அதோடு சேர்ந்திருக்கும் கார்பன் மோனாக்சைடின் கோடு மேலே நகர வேண்டும், ஏன் நகரவில்லை? முதலில் எரிச்சல். மூன்றாம் முறை வாசித்தபோது பயம்.

நவ. 12, புதன்
இரிடியம் போடாமல், கரைப்பான் ஹெக்ஸேனும் ஆல்கஹாலும் மட்டும். அதே அகலமான கோடு, அதே இடம். அப்படியானால் அது இரிடியத்தால் வந்ததே அல்ல.

பக்கத்து பெஞ்ச் பிரவீணா, வாய் சும்மா இராது: "அக்கா, ஏன் ஸ்பெக்ட்ரத்த 1800-லயே வெட்டி வச்சிருக்கீங்க? கீழ என்ன இருக்குன்னு பாருங்களேன்."

வெட்டியது நான்தான். வேண்டியது மட்டும் தெரிந்தால் போதுமென்று. திறந்தால், 1720-இல் அசிட்டோனின் கோடு, ஜம்மென்று.

கழுவியதைக் காய வைக்கும் ஓவன் பழுதாகி இரண்டு மாதம். எல்லாரும் சிரிஞ்சை அசிட்டோனில் கழுவி, நாலு உதறு உதறி, அப்படியே பயன்படுத்துகிறோம். ஆல்கஹால் பிடித்துக்கொண்டது அந்த மிச்சத் துளியை. இரிடியத்தை அல்ல. பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு டீ, ஒரு வடை.

கைடு மேடத்திடம் சொன்னேன். "கட்டுரைய வாபஸ் வாங்கிடலாம். திங்கக்கிழமைக்கு என்ன வச்சிருக்கே?"

ஒன்றுமில்லை.

நவ. 13, வியாழன்
பக்கத்துத் துறை ஓவனில் கெஞ்சி இடம் வாங்கி சிரிஞ்சுகளைக் காய வைத்து, இரிடியத்தோடு மறுபடி ஓட்டினேன். பழைய கோடு போயே போச்சு. புதிதாகவும் ஏதுமில்லை. ஆனால் இரிடியத்தின் பிடி பலவீனமானது என்றால் குளிரில்தான் நிற்கும். விடுவதாக இல்லை.

குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அதைக் கொண்டுவரும் திருச்சி வண்டி அடுத்த செவ்வாய்தானாம். கமிட்டி முடிந்து கருமாதிக்கா?

சித்தப்பா நினைவு வந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். விந்துக் குச்சிகளை அவர் வைத்திருப்பதே திரவ நைட்ரஜன் கேனில்தான். போன் போட்டேன்.

"எவ்ளோ வேணும்?"
"ரெண்டு லிட்டர், சித்தப்பா."
"எந்த மாட்டுக்கு?"
"இரிடியத்துக்கு."
"என்னமோ ஒண்ணு. சனிக்கிழமை கொண்டாரேன்."

நவ. 15, சனி
பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு நனைந்தபடி வந்தார். சம்பா வயலில் தண்ணீர் இன்னும் வடியவில்லையாம். கேனிலிருந்து நான் ஊற்றும்போது, "பாத்து ஊத்தும்மா, உள்ள ஜெர்சி காளை இருக்கு." நான் சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஈரக்காற்று. கரைசல் வைத்த குளிர்ந்த செல்லின் ஜன்னலில் பனி. இரண்டு ஓட்டம் வீண். உலர்ந்த வாயுவை ஜன்னல்மேல் ஊதிக்கொண்டே மூன்றாவது. மைனஸ் எழுபதில், கார்பன் மோனாக்சைடு கோட்டுக்கு மேல்பக்கம், ரெஃபரி கேட்ட அதே திசையில், சின்னதாக இன்னொன்று. சூடேறினால் மறைகிறது, குளிர்ந்தால் வருகிறது. ஆல்கஹால் இல்லாமல் குளிர்வித்தால் வரவில்லை. 1720 சுத்தம்.

சித்தப்பா திரையைப் பார்த்தார். "இத்துணூண்டுக்கா இவ்ளோ பாடு?"
"ஆமா."

நவ. 16, ஞாயிறு
மழை விட்டது. மேடம் கோவிலிலிருந்து நேரே லேபுக்கு. தலையில் பூ, கையில் பிரசாதம். "என் எதிர்லயே இன்னொரு தடவ ஓட்டு" என்றார். ஓட்டினேன். வந்தது.

"நாளைக்கு மொத ஸ்லைடு எது?"
"அசிட்டோன், மேடம். என் தப்பு."
"அதான் வாபஸ் வாங்கியாச்சே. எதுக்கு?"
"அதக் காட்டாம இத மட்டும் காட்டினா, நானே நம்பமாட்டேன் மேடம்."

ஸ்லைடைத் திறக்கச் சொன்னார். 'நேர்ந்த பிழை' என்ற தலைப்புக்குக் கீழே என் பெயர் மட்டும்.

"ஓவன் ரிப்பேருக்கு லெட்டர் போடாதது யாரு? என் பேரையும் சேத்துக்க."