இரண்டு சீனிக் கூம்பு

லராஷ்
ஞாயிறு காலை

என் கண்ணான மகள் இக்ராமுக்கு உன் உம்மா ஆசை ஸலாமோடு எழுதுவது. உன்னையும் யூஸ்ரியையும் உன் வயிற்றுப் பிள்ளையையும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். இங்கே நானும் உன் வாப்பாவும் சுகம். எப்போதும் இந்த வார்த்தையை எழுதிவிட்டு அடுத்த சேதிக்குப் போய்விடுவேன், இந்த முறை அப்படிப் போக முடியாது. பக்கத்து வீட்டு ஸஃதியாவின் மகன் அன்வர் நாளை உங்கள் மொன்ட்ரியாலுக்குப் புறப்படுகிறான், அவனிடம் ஆலிவ் எண்ணெயும் காய்ந்த புதினாவும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமை போனில் நீ, யூஸ்ரிய ஏத்துக்க உங்களுக்கு இன்னும் மனசில்ல, அதான் பிள்ளைப்பேறுக்கு வரமாட்டேங்கறீங்க, அத நேரா சொல்லிடுங்களேன் உம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நாலு நாளாய் நீ எடுக்கவும் இல்லை. எடுத்திருந்தாலும் அழுகையைத் தவிர நான் என்ன பேசியிருப்பேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விசா வரவில்லை என்று சொன்னேனே, அது பொய். விசா வந்து ஒரு மாதமாகிறது, பாஸ்போர்ட் என் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. நான் வராததற்குக் காரணம் என் வயிறு. தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் ரொம்ப நாளாக இருந்தது, குடலிறக்கம் என்றார்கள், ஒன்பது வாரத்துக்கு முன்னால் அறுவை செய்து உள்ளே வலை வைத்துத் தைத்தார்கள். தெத்துவானில் சின்னம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று சொன்ன அந்த ஒரு வாரம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒருநாள் நீ வீடியோவில் கூப்பிட்டபோது பின்னால் பச்சைத் திரை தெரிகிறதே என்று கேட்டாய், சின்னம்மாவின் புதுத் திரை என்று சொன்னேன், பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். உனக்கு ஐந்தாம் மாதம் இரத்தம் கண்டதே, மனசு கலங்கக் கூடாது என்று உன் டாக்டர் சொன்னாரே, அந்தப் பயத்தில் நானும் வாப்பாவும் மறைத்தோம். தப்புதான். கோபித்துக்கொள், ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

தையல் போட்ட டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், ஆனால் வாய் இருக்கிறதே! எடையக் குறைக்கலேன்னா இந்த வலை தாங்காதும்மா, மறுபடி பிச்சுக்கும், ஓட வேண்டாம் குதிக்க வேண்டாம் நடந்தா போதும், தூக்கறதுன்னா ரெண்டு கிலோ சீனிக் கூம்பு ஒண்ணு, அதுக்கு மேல பத்து வாரத்துக்கு நினைக்கவே கூடாதுன்னு சொல்லிவிட்டாள். நான் தொண்ணூற்று நாலு கிலோ இருந்தேன் மகளே, உன்னிடம் எண்பது என்று சொல்வேன். முதல்நாள் கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் நடந்தேன், அதற்கே மூச்சு வாங்கியது. பிறகு ரொட்டி அடுப்புக்காரர் கடை வரைக்கும், மூன்றாவது வாரம் கடலைப் பார்த்த நடைபாதை வரைக்கும். ஜலாபா அங்கிக்கு அடியில் நீ விட்டுப்போன ஓடும் ஷூவைப் போட்டுக்கொண்டு போகிறேன், கால் வீங்காத நாளில் சரியாக இருக்கிறது. அதன் நாடாவை வாப்பாதான் குனிந்து கட்டிவிடுகிறார். படுத்துக்கொண்டு முழங்காலை மடக்கி மெல்ல மூச்சிழுத்து விடும் பயிற்சியும் உண்டு, பத்து முறை எண்ண வேண்டியது வாப்பாவின் வேலை, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுக்கு அப்புறம் ஒன்பது என்கிறார். வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் தட்டில் பழக்கதோஷத்தில் இறைச்சியை என் பக்கம் தள்ளுவார், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அதை எடுத்துவிட்டுப் பூசணித் துண்டைத் தள்ளுவார். அவர் இரண்டும் தள்ளினால் நான் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்!

ஆனால் ஊர் விடுமா? உடம்பு சரியில்லாதவளைப் பார்க்க வெறுங்கையோடு யார் வருவார்கள், வந்தவர்கள் எல்லாரும் நீலத்தாள் சுற்றிய சீனிக் கூம்பைக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தார்கள். இனிப்பைத் தொடாதே என்று டாக்டரம்மா சொல்லியிருக்க, என்னைச் சுற்றிப் பதினேழு கூம்பு. நான் சீனி போடாத டீயை ஊற்றியதும் ஸஃதியா ஒரு வாய் குடித்துவிட்டு, என்னடி இது, எழுந்து போன்னு வாயால சொல்லிடேன், டீயால எதுக்குச் சொல்றே என்றாள். உடம்பு இளைக்க ஆரம்பித்ததும் இன்னொரு பேச்சு, உன் புருஷன் அப்துஸ்லாம் உனக்கு ரொட்டி வாங்கிப் போடறதில்லையா, இல்ல கெட்ட வியாதி எதையாவது மறைக்கிறியா என்று. எட்டு கிலோ குறைந்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னால் எல்லாரும் உச்சுக்கொட்டுகிறார்கள். வாப்பாவுக்கு மட்டும் சந்தோஷம், எங்கள் நிக்காஹ் நாள் ஜலாபா இப்போது எனக்குப் போட வருகிறது, பொத்தான் மட்டும் பூட்டவில்லை.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு வெட்கம். சுற்றிய துணியோடு பிறந்த பிள்ளை நாலு கிலோவுக்குக் கிட்டத்தட்ட இருக்கும், இரண்டு சீனிக் கூம்பு எடை. எனக்கு ஒரு கூம்புக்குத்தான் அனுமதி. உன் வீட்டில் வந்து இறங்கிப் பிள்ளையைத் தூக்க முடியாமல் நிற்பேனே என்ற நினைப்பு என்னைத் தின்றது. ஏழாவது வாரம் வாப்பா பள்ளிவாசலுக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு கூம்பைச் சேர்த்து என் வெள்ளைச் சால்வையில் பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றி, மார்போடு அணைத்து வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். வலிக்கவில்லை. மறுநாளும் நடந்தேன். மூன்றாம் நாள் தாலாட்டு கூடச் சொன்னேன், சிரிக்காதே. வாப்பா திரும்பி வந்தது தெரியவில்லை. கதவருகில் நின்று பார்த்துவிட்டு, பிள்ளை யாரு மாதிரி இருக்கு என்று கேட்டார், அவர் கண் கலங்கியிருந்தது, எனக்குத் திட்டு கூட விழவில்லை. அன்றைக்கு மாலையே தையலுக்கு மேலே வீங்கிவிட்டது. தாங்கிப் பார்த்தேன், தானாக வடியும் என்று பத்து நாள் மறைத்தேன், போன திங்கள்கிழமை வாப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா உள்ளே சேர்ந்த நீரை ஊசியால் எடுத்தாள். எடுத்துக்கொண்டே, யாரும்மா உங்களத் தூக்கச் சொன்னது என்று கத்தினாள். சொன்னேன். அப்புறம் அவள் கத்தவில்லை. இன்னும் மூன்று மாதத்துக்கு விமானம் கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒரு கூம்புக்கு மேல் தூக்கவே கூடாது, நடையை மறுபடி குளியலறைக் கதவிலிருந்து ஆரம்பியுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்கு இரண்டாம் நாள்தான் நீ அந்த வார்த்தை சொன்னாய்.

உன் பேச்சு முழுப்பொய் என்று நான் சொல்லமாட்டேன். நிக்காஹை எங்களுக்குப் போனில் காட்டினாயே, அதுவும் ஒரு துனிசியாக்காரனோடு, அந்த வருஷம் எனக்குக் கோபம் இருந்தது. யூஸ்ரிகிட்ட குடுக்கட்டுமா உம்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ கருகுது என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறேன், ஒன்றும் கருகியதில்லை. ஆனால் அந்தக் கோபம் எப்போதோ போய்விட்டது மகளே, போனதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நேரில் வந்தால் அவனுக்குச் சமைத்துப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று வைத்திருந்தேன். தலைப்பிள்ளைக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் எந்தப் பெண் பிள்ளை பெறுவாள்? உனக்கு வலி எடுக்கும்போது நான் இங்கே அடுப்படியில் நிற்கப்போகிறேன். உன் தலையைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது இக்ராம். உன் முடி இப்போது எவ்வளவு நீளம் என்று கூட எனக்குக் கையால் தெரியாது.

அல்லாஹ் உனக்குச் சுகமான பிரசவத்தைக் கொடுக்கட்டும், தாயையும் பிள்ளையையும் வேறுவேறாகவும் நல்லபடியாகவும் ஆக்கித் தரட்டும், யூஸ்ரியின் கைக்குப் பரக்கத் கொடுக்கட்டும். இரும்பு மாத்திரையை விடாதே, துணிக்கூடையைத் தூக்காதே, என்னைப் பார்த்தாவது புத்தி வரட்டும். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் வெந்தயம் போட்ட கோழியை யூஸ்ரி செய்து தரட்டும், எப்படிச் செய்வது என்று நானே அவனுக்குப் போனில் சொல்கிறேன், அடுப்பில் எதுவும் கருகாது. மூன்று மாதத்தில் வருகிறேன், இன்ஷா அல்லாஹ். வந்தால் நான் பிள்ளையைக் குனிந்து எடுக்க முடியாது, எடுக்கவும் மாட்டேன், கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். நான் உட்கார்ந்துகொள்கிறேன். பிள்ளையை யூஸ்ரி எடுத்து என் மடியில் வைக்கட்டும்.

உன் உம்மா
ரஹீமோ