நான் வாங்கிக் கொடுத்த டி.சி.

2021

செப்டம்பர் 4, சனி

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. மாவு அரைக்க முடியவில்லை. மரவள்ளிக் கிழங்கை அவித்துப் போட்டேன். ராஜாங்கம் முணுமுணுக்காமல் சாப்பிட்டுவிட்டு வங்கிக்குப் போனார். அல்லிதான் "மறுபடியும் கிழங்கா" என்றாள். வெள்ளிமலையில் இருந்துகொண்டு கிழங்கு வேண்டாம் என்றால் நான் எங்கே போவேன்?

புதன்கிழமை பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன, ஒன்பதாம் வகுப்பிலிருந்து. அல்லி போகவில்லை, இனிமேல் போகவும் மாட்டாள். கள்ளக்குறிச்சியில் அவள் படித்த தனியார் பள்ளியில் காலையில் கண்ணை மூடிக் கும்பிடச் சொல்வார்கள். கேள்வி கேட்டால் வெளியே நிற்க வைப்பார்கள். சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற இடத்தை நாங்கள் காலியாக விட்டதற்கு ஆபீஸ் ரூமில் பெரிய விசாரணையே நடந்தது. அஸ்ரப் நிஷாவும் ராஜாங்கமும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்ன மதம் என்று அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமாம். கொரோனாவோடு அந்தக் கதையை முடித்துவிட்டேன்.

இத்தனை வருடம் டீச்சராக ஊரார் பாடத்திட்டத்தை நடத்தியவள், என் பிள்ளைக்கு ஒன்று போட மாட்டேனா? போட்டேன். காலையில் பிரார்த்தனைக்குப் பதில் நாளிதழ் நேரம். அப்புறம் கேள்வி நேரம். அரசுப் பாடப்புத்தகம் உண்டு. அதோடு அரசமைப்புச் சட்டம், பரிணாமம், உடம்பைப் பற்றி ஒளிவு மறைவில்லாத பாடம். எல்லா மதங்களையும் ஒரே தூரத்தில் நின்று பார்க்கும் பாடம். பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம்.

அல்லியைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் பூமாலை. கீழ்த்தெரு சின்னக்கண்ணுவின் மூத்த மகள், இங்கே அரசாங்கத்தின் மலைப் பள்ளியில் ஒன்பதாவது. வீட்டில் போன் இல்லை, ஆன்லைன் வகுப்பு இல்லை. அதனால் ஜூன் முதல் அல்லியோடு உட்கார்ந்து எங்கள் பாடத்தைப் படித்தாள். படித்தாள் என்பது சரியில்லை, வாரி விழுங்கினாள். பள்ளி திறந்ததும் போய்விட்டாள். இன்றைக்குச் சாயங்காலம் வந்து கதவோரம் நிற்கிறாள்.

"அங்க எதுனா கேட்டா போர்ஷன் முடிக்கணும், உக்காருன்றாங்க டீச்சர். நான் இங்கயே படிச்சிக்கட்டா?"

இந்தப் பிள்ளையை விட எனக்கு மனசில்லை.

செப்டம்பர் 12

சின்னக்கண்ணுவை வரச் சொல்லிப் பேசினேன். குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர், அடுத்த வாரம் கிளம்புகிறார். நான் பேசப் பேசத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பூமாலையும் பக்கத்தில் நின்றாள். மனப்பாடம் என்ன, சிந்தனை என்ன, பின்லாந்தில் என்ன செய்கிறார்கள் — எல்லாம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இஸ்கூல்லேர்ந்து எடுத்துட்டா பின்னால இந்தப் புள்ளைக்கு எதுனா கொறையுங்களா டீச்சரம்மா?"

"ஒண்ணும் குறையாதுங்க. நான் பொறுப்பு" என்றேன்.

செப்டம்பர் 20

டி.சி. வாங்கியாச்சு. சின்னக்கண்ணுவுக்கு எழுத வராது. கைநாட்டு வைத்தார், மற்றதையெல்லாம் நானே எழுதினேன். தலைமை ஆசிரியர் இழுத்தார். "அவசரப்படாதீங்க மேடம். மலைப் புள்ளைங்களுக்கு அரசாங்கத்துலேர்ந்து ஏதேதோ வந்துகினே இருக்கு..."

"அரிசியும் சைக்கிளுமா சார்?" என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி ராஜாங்கத்தைச் சிரிக்க வைத்தேன்.

2022

பிப்ரவரி 6

பூமாலை காலையில் வரவில்லை. மதியம் கை கால் எல்லாம் அழுக்கோடு வந்தாள். அவர்கள் ஆடு ஈனும்போது குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டதாம், கையை விட்டுத் திருப்பி எடுத்தாளாம். தாயும் குட்டியும் பிழைத்தன. "கச்சிராயப்பாளையத்துலேர்ந்து டாக்டர் வரங்காட்டியும் செத்திருக்கும் டீச்சர். நான் மாட்டு டாக்டராயி இங்கியே வந்துடறேன்" என்றாள். இன்றைய உயிரியல் பாடத்தை அவளையே நடத்தச் சொன்னேன். அல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

ஜூலை 17

மதங்கள் பாடம். நான் பேசி முடித்ததும் பூமாலை கேட்கிறாள்: "சாமி இல்லன்றீங்களா, தெரியலன்றீங்களா? ரெண்டும் வேற டீச்சர்." சந்தோஷமாக இருந்தது. எந்தப் பள்ளிக்கூடத்தில் இது நடக்கும் என்று பெருமையாகவும் இருந்தது.

2023

மே 19, வெள்ளி

பத்தாவது முடிவு வந்துவிட்டது. இருவரும் பாஸ். பூமாலை 461, அல்லியைவிட அதிகம். பூமாலையின் அம்மா பாப்பாத்தி பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தாள். "எல்லாம் நீங்க போட்ட பிச்சைங்க" என்றாள். அப்படிச் சொல்லக்கூடாது, அது அவள் உழைப்பு என்று அதற்கும் ஒரு பாடம் நடத்தினேன்.

ஜூன் 14

பதினொன்றாவதுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், அதை நான் வீட்டில் வைக்க முடியாது. பூமாலையை மறுபடி மலைப் பள்ளியிலேயே சேர்க்கக் கூட்டிப் போனேன். சின்னக்கண்ணு குடகில் இருக்கிறார். தலைமை ஆசிரியர் அதே ஆள்தான். மதிப்பெண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்னம்மா ஆகப்போகிறாய் என்றதற்கு அவள் மாட்டு டாக்டர் என்றாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவளை வெளியே உட்காரச் சொன்னார்.

"ஏழரை சதவீதம் தெரியுமில்ல மேடம்?"

"தெரியும் சார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெடிக்கல், வெட்னரி எல்லாத்துலயும் உள் ஒதுக்கீடு."

"ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சிருக்கணும். இந்தப் புள்ளைக்கு ஒன்பதும் பத்தும் இல்லியே."

வேறு வழி கேட்டேன். பழங்குடிக்கு ஒரு சதவீதம் இருக்கிறது, அதில் மாநிலம் முழுக்கப் போட்டி என்றார். கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடும் பணமும் இதே காரணத்தால் வராதாம். "ஏழரையில இருந்திருந்தா இந்தப் புள்ளைக்கு சீட்டு நிச்சயம் மேடம். அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றார். சொல்ல வந்தார்தான். அரிசி, சைக்கிள் என்று நக்கலடித்து வாயை அடைத்தவள் நான்.

பூமாலை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புதுப் புத்தகங்களை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சேத்துக்கினாரா டீச்சர்?" சேர்த்துக்கொண்டார் என்றேன்.

ஜூன் 15

நாங்களே படிச்சோமே. வெட்னரிக்கும் அந்தச் சட்டம் வந்த ஆகஸ்டில், என் நாளிதழ் நேரத்தில், இதே கூடத்தில். அல்லி சத்தமாக வாசித்தாள். சமூகநீதி என்று நான் நீட்டி முழக்கினேன். அப்போது பூமாலை அந்தப் பள்ளிப் பதிவேட்டில்தான் இருந்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு உரிய சட்டம் அது என்று எனக்கு உறைக்கவே இல்லை. அடுத்த மாதமே போய் டி.சி. வாங்குகிறேன். எனக்கென்ன கேடு? யார் என்னைக் கேட்டது? விசாரிக்காமல் எதையும் நம்பாதே என்று பிள்ளைகளுக்குத் தினமும் ஓதுகிறவள், போய் ஒரு வார்த்தை விசாரித்தேனா?

ராஜாங்கத்திடம் சொன்னேன். "இப்ப அழுது இன்னா ஆவப்போவுது நிஷா. அல்லிய எங்க சேக்கறதுன்னு பாக்கலாம்" என்றார். அல்லிக்குச் சேலத்தில் நல்ல பள்ளி, வேண்டுமானால் பணம் கட்டி நல்ல கல்லூரி. அவளுக்கு எதுவும் ஆகவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பிள்ளை வளர்ந்துவிட்டாள். பூமாலை இருந்ததால்தான், அவளோடு போட்டி போட்டுத்தான் அல்லி படித்தாள்.

ஜூன் 18

இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 25

குடகிலிருந்து சின்னக்கண்ணு போன் செய்தார். "அட்மிசன் ஆயிடுச்சுங்களா டீச்சரம்மா?" ஆயிடுச்சுங்க என்றேன். "நீங்க கீறீங்கன்ற தைரியத்துலதான் நான் இங்க கீறேன்" என்றார். சொல்லாமல் இருக்க இருக்கப் பொய்யும் சேர்ந்துகொள்கிறது. ச்சீ.

ஜூலை 2

பூமாலையிடம் சொல்லிவிட்டேன். கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அவளாகவே கொடி ஓரம் வந்து கிளிப்பை எடுத்துக் கொடுத்தாள். முழுவதையும் சொன்னேன்.

"அல்லிக்கும் கெடையாதா டீச்சர்?"

"அவளுக்கு எப்பவுமே கிடையாதும்மா. சின்னதுலேர்ந்து பிரைவேட்ல படிச்சவ."

"அப்ப எனக்கு மட்டுந்தான் போச்சு."

ஆமாம் என்றேன். கையில் இருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கூடையில் போட்டாள்.

"கொறையுமான்னு எங்கப்பா கேட்டாரே டீச்சர். நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்."

அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பாதி ஈரத்துணி வாளியிலேயே கிடந்தது, அல்லிதான் போய் உலர்த்தினாள். அவளும் இன்று என்னோடு பேசவில்லை.

ஜூலை 16

சின்னக்கண்ணு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நானே அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். சொன்னேன். பாப்பாத்திக்குப் புரியவில்லை, பூமாலை மறுபடி ஒரு முறை அவளுக்கு விளக்கினாள். எனக்கு வலிக்கக்கூடாது என்று மெதுவாக, கணக்குப் பாடம் சொல்வது மாதிரி. அது இன்னும் மோசமாக இருந்தது.

சின்னக்கண்ணு கடைசியில் சொன்னார்: "உங்க மேல தப்பு இல்லீங்க. நான் ஒரு வாட்டி அந்த வாத்தியாரையும் கேட்டிருக்கணும். படிச்சவங்க சொல்றாங்களேன்னு உட்டுட்டேன்."

நான்தான் தப்பு என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் ஏற்கவில்லை. தப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்டு 7, திங்கள்

கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். மனு கொடுத்தேன். பொதுமுடக்கம், போன் இல்லை, மலைவாழ் பெண் — இருக்கிற காரணம் எல்லாவற்றையும் எழுதினேன். வாங்கிப் படித்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சட்டத்தில் இருப்பதை மாற்ற அவர்களால் ஆகாதாம். "பொண்ணோட அப்பா படிக்காதவர்னு எழுதியிருக்கீங்க. டி.சி. வாங்க யாரும்மா சொன்னது?" என்றார். நான்தான் என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.



2024

மார்ச் 10

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சென்னைப் பெற்றோர் சிலர் என் பாடத்திட்டத்தைப் புத்தகமாகப் போடக் கேட்கிறார்கள். மதச்சார்பற்ற, முற்போக்கான, தமிழில் இப்படி ஒன்று இல்லவே இல்லையாம். அப்படியானால் முதல் பக்கத்திலேயே ஒன்று போடுங்கள் என்றேன்: அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை எக்காரணம் கொண்டும் இதற்காக நிறுத்தாதீர்கள். "எடுத்ததுமே நெகட்டிவா இருக்கே மேடம், பின்னாடி எங்கேயாவது போட்டுக்கலாமே" என்றார் போனில் பேசிய அம்மாள். வேண்டாம் தாயே என்று போனை வைத்துவிட்டேன்.

பாடத்திட்டத்தில் எனக்கு இன்னும் ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் வேதனை. பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். அதை எந்தப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம் என்று நான் பார்க்கவில்லை.

2025

ஜூலை 22

வெட்னரி கலந்தாய்வு முடிந்துவிட்டது. பூமாலைக்கு இடம் இல்லை. பழங்குடிக்கான ஒரு சதவீதத்தில் இடங்கள் அவளுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதாம். அவளோடு படித்த ஜெயம்மாளுக்கு ஏழரையில் கிடைத்துவிட்டது. பூமாலையைவிட மார்க் கம்மி. மலைப் பள்ளியில் பட்டாசு வெடித்தார்கள், இங்கே வரைக்கும் கேட்டது. ஜெயம்மாள் வீட்டு லட்டை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்ததும் பூமாலைதான். "நல்லா படிப்பா டீச்சர் அவ. நான்தான் பிசிக்ஸ் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

அவள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்தச் சீட்டு இவளுடையது. நான் பிடுங்கியது.

ஆகஸ்டு 4

பூமாலை கள்ளக்குறிச்சியில் அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் சேர்ந்துவிட்டாள். அல்லி சென்னையில் சட்டம் படிக்கப் போகிறாள். சமூகநீதி வழக்குகள் நடத்துவாளாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பூமாலையின் தங்கை காசியம்மாள், மலைப் பள்ளியில் ஆறாவது, சீருடையில் பையோடு நிற்கிறாள். வீட்டுப்பாடம் எழுதவில்லையாம், போனால் திட்டுவார்களாம். நேராகப் புத்தக அலமாரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். டைனோசர் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்: "இதுக்குக் காது எங்க டீச்சர்?" அதைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல், "நான் இனிமே இங்கயே படிச்சிக்கறேன் டீச்சர். எங்கக்கா படிச்சிதே" என்றாள்.

ரெண்டு வருடமாக இந்தக் கூடத்தில் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க மனசு எப்படித் துடித்தது என்று எனக்குத்தான் தெரியும். புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள், நான் கையை விடவில்லை.

தலைமை ஆசிரியர் கேட் பக்கத்தில் நின்றிருந்தார். என்னையும் சீருடையில் இருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா மேடம், இந்தப் புள்ளைக்கும் டி.சி.யா?"

"இல்ல சார். லேட்டாயிடுச்சு. உள்ள விடுங்க."